ஸ்டோரில் காயவைத்த டிஸ்க்

போடி
06.08.2024, செவ்வாய்

பாண்டியராஜ் அவர்களுக்கு,

உங்கள் நம்பரை ப்ளாக் செய்திருக்கிறேன். எடுக்கிற எண்ணம் இல்லை. போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் கட் பண்ணுவேன், மறுநாள் யார் என்ன சொன்னார்கள் என்று அதற்கொரு சண்டை வரும். எழுதினால் எழுதியது நிற்கும். சுருளிவேல் அண்ணன் காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது இதைத் தருவார். பதில் இருந்தால் ஜீப்பு இறங்கும்போது கொடுத்துவிடுங்கள்.

நான் தொழிலாளர் சங்கத்து ஆபீஸ் மாடியில் இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதையெல்லாம் விசாரிக்க வேண்டாம்.

நேராகவே கேட்கிறேன். அந்த ஹார்டு டிஸ்கை வேண்டுமென்றே கெடுத்தீர்களா?

அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மருந்தடித்த ஏலக்காட்டுக்குள் ஈரம் காய்வதற்கு முன்பே காய் எடுக்கப் போய், மூச்சு முட்டி, கண் எரிந்து, தோல் உரிந்து கிடந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னிடம் பேசிய குரல்கள். "எம் பேரு வெளிய தெரியக் கூடாது தாயி" என்று எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அதனால்தான் கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரின்ஸிடம் சொல்லி டிஸ்க் முழுவதற்கும் பூட்டுப் போட்டேன். என் பாஸ்வேர்டு இல்லாமல் யார் சொருகிப் பார்த்தாலும் உள்ளே இருப்பது வெறும் குப்பையாகத்தான் தெரியும். செல்லிலும் லேப்டாப்பிலும் இருந்ததை அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். ஒரே இடம், ஒரே பூட்டு என்று வாக்குக் கொடுத்தேன்.

22ஆம் தேதி விசாரணைக் குழு போடிக்கு வருகிறது. உயிரோடு இருக்கிறவர்கள் வந்து பேசுவார்கள், இல்லை, பயந்து பேசாமல் போவார்கள். முனியாயி எங்கிருந்து வருவாள்? போன தையில் செத்துப்போனாள். அவள் பேசியது அந்த டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது.

அன்றைக்கு நனைந்த பையோடு வந்து விழுந்தேன். விடிந்து தேடினால் டிஸ்க் காய் உலர்த்துகிற ஏலக்காய் ஸ்டோருக்குள், பச்சைக்காய்த் தட்டின் மேல், அடுப்புச் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறது. நீங்கள் அந்த எஸ்டேட்டின் சூப்பர்வைசர். அது கெட்டால் உங்கள் முதலாளி நிம்மதியாகத் தூங்குவார். நான் வேறு என்ன நினைக்கட்டும்?

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

சூர்யகலா


போடிமெட்டு
07.08.2024

கலா,

அவர்களுக்கா! இத்தனை வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்ட பிறகு நான் 'அவர்கள்' ஆகிவிட்டேன். சுருளிவேல் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்கிறான். காய் எடுக்க வந்த பெண்டுகள் அத்தனை பேரும் ஜீப்பை விட்டு இறங்காமல் என் மூஞ்சியையே பார்க்கிறார்கள். நல்லா மானத்தை வாங்கினே, போ.

இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். மிச்சத்தையும் கேள்.

இந்த மலையில் எது நனைந்தாலும் எங்கே காயவைப்பார்கள்? ஆனி பிறந்தால் ஆவணி முடிகிற வரைக்கும் வெயிலையே பார்க்காத காடு இது. ஈரச் செல்லை ஸ்டோரில்தான் வைக்கிறோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புஸ்தகத்தை ஸ்டோரில்தான் வைக்கிறோம். சுருளிவேலின் லைசென்ஸ் என் ஸ்டோரில் காய்ந்ததுதான், செக்போஸ்டில் அதை நீட்டினால் போலீஸ்காரர் மோந்து பார்க்கிறார். போன வருஷம் உன் நர்சிங் சர்டிபிகேட் நனைந்தபோது யார் காயவைத்தது? "மாமா, ஏலக்கா வாசம் அடிக்குது, இனி எங்க போனாலும் வேலை கொடுத்துருவாங்க"ன்னு சிரித்தது யார்? அன்றைக்கு நான் நல்லவன். இன்றைக்கு மட்டும் முதலாளியின் கைக்கூலியா?

நீ காய்ச்சலில் உடம்பெல்லாம் கொதித்துக் கிடந்தாய். பையைத் திறந்தால் டிஸ்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உன்னை எழுப்ப மனசு வரவில்லை. எடுத்துத் துடைத்து, தட்டின் ஓரத்தில் துணி விரித்து வைத்தேன். ஓரத்தில் சூடு குறைவு. அதைக்கூட யோசித்துத்தான் வைத்தேன்.

முதலாளி தூங்கினால் எனக்கென்ன, முழித்தால் எனக்கென்ன? நீ ரெகார்டு பண்ணப் போனபோதெல்லாம் யார் ஜீப்புக்குச் சொல்லி அனுப்பியது? "எங்க மேடம், சங்கத்து வேலையா?" என்று முதலாளி கேட்டபோது, "தடுப்பூசிக் கணக்கு எடுக்கப் போயிருக்கா"ன்னு பொய் சொன்னது யார்?

இன்னொன்று. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற உனக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கத் தெரியாதா? வாக்காம், வாக்கு.

காய்ச்சல் விட்டதா? விசாரிக்கக் கூடாது என்று எழுதினாய். சாப்பாட்டைத்தானே சொன்னாய்.

பாண்டி


போடி
10.08.2024

மாமா,

'அவர்கள்' போட்டது தப்புதான். கோபத்தில் எழுதினேன். கோபம் இன்னும் போகவில்லை. காய்ச்சல் விட்டது.

டிஸ்கைப் பிரின்ஸிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை யாரு வேகவச்சது?" என்றான். வெறும் சூடு என்றால்கூடத் தாங்கியிருக்குமாம். பச்சைக்காய் முதலில் வேர்த்து ஆவி விடும் இல்லையா, அந்த ஆவி முழுக்க டிஸ்கின் சர்க்யூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. முனையெல்லாம் பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருக்கிறது. ஸ்டோர் ஆவி உங்களுக்குத் தெரியாததா? கதவைத் திறந்தால் கண்ணாடி மங்கிவிடுகிறது என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அவன் துடைத்துத் துடைத்து ஒரு தடவை ஓடவைத்தான். கொஞ்ச நேரம் சுற்றியது. அதற்குள் உள்ளே எட்டிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது. "அக்கா, நனைஞ்ச பிறகு இதை யாராவது கம்ப்யூட்டர்ல சொருகினாங்களா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "யாரோ பார்மட் பண்ணியிருக்காங்க" என்றான். அவ்வளவுதான், டிஸ்க் ஒரு தடவை டிக் என்றது, நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அசையவே இல்லை.

பார்மட் என்றால் என்ன என்று அவன் எனக்கு விளக்கிச் சொன்னான். டிஸ்கின் முன்பக்கத்தில்தான் பூட்டின் மூளை இருக்கிறதாம். பாஸ்வேர்டைத் தட்டினால் அது சரியா என்று பார்த்துக் கதவைத் திறக்கிற இடம். பார்மட் பண்ணினால் அந்த இடத்தின் மேல் புதிதாக எழுதிவிடும். அதன் பிறகு சரியான பாஸ்வேர்டை நானே தட்டினாலும், நீ யார் என்று கேட்கும்.

காயவைத்ததை நான் நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் தானாக ஸ்டோரிலிருந்து நடந்துபோய்க் கம்ப்யூட்டரில் சொருகிக்கொண்டு, தன்னைத் தானே அழித்துக்கொண்டதா? உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. ஏன் இல்லை?

எனக்குத் தூக்கம் வரவில்லை மாமா. ஒரு நேரம் நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. அடுத்த நேரம், செய்தால் என்ன ஆச்சரியம் என்று தோன்றுகிறது. இப்படி ஊசலாடுவதற்குப் பேசாமல் நீங்கள் செய்தேன் என்றே சொல்லிவிடலாம்.

கலா


போடிமெட்டு
12.08.2024

கலா,

நேற்று ஞாயிறு, ஜீப்பு இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

சொருகியது நான்தான். நான் எழுதாததற்குக் காரணம், அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தெரியாது. காய்ந்துவிட்டதா, ஓடுகிறதா என்று பார்க்கத்தான் ஸ்டோர் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஓடினால் உனக்குக் காபியோடு சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். சொருகியதும் திரையில் இங்கிலீசில் ஒரு பெட்டி வந்தது. எண்டர் அடித்தேன். இன்னொரு பெட்டி வந்தது. எண்டர். மறுபடியும் வந்தது. எண்டர்.

ஏன் அடித்தேன் என்று கேட்பாய். காய் எடை போடுகிற புரோகிராம் எப்படி என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு மூட்டைக்கும் அது இங்கிலீசில் எதையோ கேட்கும். அதை வைத்துக் கொடுத்த பையன் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான்: "எது கேட்டாலும் எண்டர் அடிங்கண்ணே, அது பாட்டுக்குப் போகும்." இத்தனை வருஷமாக அடிக்கிறேன். அதுவும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. உன் டிஸ்க் கேட்டபோதும் அடித்தேன். என் கை அப்படிப் பழகிவிட்டது. உள்ளே ஒன்றும் தெரியாததால், இன்னும் ஈரம்தான் என்று மறுபடி தட்டில் வைத்துவிட்டேன். இதை விசாரணைக் குழுவிடம் சொன்னால்கூடச் சிரிப்பார்கள். நீயும் சிரி, இல்லை காறித் துப்பு. ஆனால் வேண்டுமென்று செய்தேன் என்று மட்டும் சொல்லாதே.

அமுதவள்ளி தினமும் வந்து நிற்கிறாள். காய்க்கூடையை இறக்கிவைத்துவிட்டு, "அண்ணே, ஆத்தா பேசுனது இருக்குற டிஸ்கு என்னாச்சு?" என்று கேட்கிறாள். நேற்று வேலையில்லாத நாளிலும் லயத்து வீட்டிலிருந்து இறங்கி வந்து கேட்டாள். நான் சிகிச்சையில் இருக்கிறது என்றேன், ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். முனியாயி மகள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். டிஸ்க் கெட்டதும் நீ ஏன் முதலில் என் கழுத்தைப் பிடித்தாய்? மழையைச் சொல்லலாம், ஜீப்பின் ஓட்டைத் தார்ப்பாயைச் சொல்லலாம், என் மடத்தனத்தைச் சொல்லலாம். நீ நேராக 'வேண்டுமென்றே' என்று வந்தாய். அதில் என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

பாண்டி


போடி
14.08.2024

மாமா,

எண்டர் கதையைப் பிரின்ஸிடம் படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "அக்கா, இந்தப் பூட்டுப் போட்ட டிஸ்கைச் சொருகினா பார்மட் பண்ணவான்னுதான் கம்ப்யூட்டர் முதல்ல கேட்கும். அதுக்கு இது காலி டிஸ்க் மாதிரித்தான் தெரியும். என் கடையிலயே ரெண்டு பேரு அப்படி அழிச்சிட்டு வந்து அழுதிருக்காங்க" என்றான். ஆகவே அந்த விஷயத்தில் உங்களை நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதும்போது கை லேசாகிறது.

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு இப்போது பதில் கேட்காதீர்கள். டிஸ்க் திறக்கட்டும்.

திறக்க ஒரு வழி இருக்கிறது. பூட்டின் மூளைக்கு டிஸ்கின் கடைசிப் பக்கத்திலும் ஒரு நகல் இருக்கிறதாம். பார்மட் முன்பக்கத்தைத்தான் கெடுத்தது, கடைசிக்குப் போகவில்லை. ஆனால் நகலைத் தொட வேண்டுமென்றால் முதலில் டிஸ்க் சுற்ற வேண்டும். சர்க்யூட் செத்துவிட்டது.

சென்னையில் ஒரு பெரிய லேப் இருக்கிறது. போனில் பேசினேன். டிஸ்கையும் பாஸ்வேர்டையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பாஸ்வேர்டைத் தர மாட்டேன், நானே வந்து தட்டுகிறேன் என்றேன். அப்படியெல்லாம் விடுவதில்லை என்றார்கள். நான் வைத்துவிட்டேன். நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். முகம் தெரியாத ஒருவன் உட்கார்ந்து இந்தப் பெண்கள் அழுவதைக் கேட்பான், பெயரைக் கேட்பான். அதற்கா அவர்கள் என்னிடம் பேசினார்கள்?

பிரின்ஸ் இங்கேயே செய்கிறேன் என்கிறான். பாஸ்வேர்டு தட்டுகிற நேரத்தில் தான் வெளியே போய் நிற்பதாகவும் சொன்னான். ஆனால் அவனுக்கு இதே மாதிரி டிஸ்க் இன்னொன்று வேண்டும். அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷம். அதன் சர்க்யூட்டை எடுத்து இதில் மாட்ட வேண்டும், பழையதிலிருந்து ஒரு பொடிச் சில்லை மட்டும் பெயர்த்து அதில் ஒட்ட வேண்டும். கடையில் இப்போது அந்த மாடல் வருவதில்லையாம். மதுரை வரைக்கும் கேட்டுவிட்டான்.

தேனியில் நாம் ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டு வாங்கினோம், நினைவிருக்கிறதா? ஒன்று எனக்கு. இன்னொன்று ஸ்டோருக்கு. கேமரா பதிவு ஏற்றிவைக்க என்று முதலாளி சொல்லி நீங்கள் வாங்கியது.

கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது உங்கள் முதலாளியின் பொருள். அதைக் கழற்றி எடுப்பது அவருக்கு எதிரான சாட்சியைப் பிழைக்கவைக்க. முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உண்மையில் எடுத்துக்கொள்வேன். ஆனாலும் எழுதுங்கள்.

கலா


போடிமெட்டு
16.08.2024

கலா,

இந்தக் கடிதத்தோடு ஒரு சாக்குப் பை வரும். மேலே இரண்டு சீப்பு மலைவாழை, அடியில் துணி, துணிக்குள் டிஸ்க். சுருளிவேலிடம் வாழைப்பழம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். "பொண்டாட்டிக்கு லஞ்சமா?" என்றான். ஆமடா என்றேன். மழை வந்தாலும் நனையாமல் இருக்க உர மூட்டைப் பிளாஸ்டிக் தாளில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருக்கிறேன். பிரிக்கக் கத்தி வேண்டும்.

முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டால் எதற்கென்பார். அதில் இருந்த கேமரா பதிவையெல்லாம் முதலில் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டேன். பார், காப்பி எடுக்க நான் கற்றுக்கொண்டேன். பெட்டி வந்து கேட்டபோது எண்டர் அடிக்காமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். சட்டை நனைந்துவிட்டது, அவ்வளவு வேர்வை. டிஸ்க் எங்கே என்று முதலாளி கேட்டால், நனைந்துபோச்சு, ஸ்டோரில் காயவைத்தேன், கெட்டுப்போச்சு என்பேன். அவர் உடனே நம்புவார். நம்பாதவள் இந்த மலையில் நீ ஒருத்திதான்.

அமுதவள்ளியிடம் பேசினேன். உன் வாக்கைப் பற்றிச் சொன்னேன். உங்க ஆத்தா பேரு வெளியே வரக் கூடாதுன்னு கேட்டிருந்துச்சு, இப்ப கொடுத்தா வந்துரும், என்ன செய்யச் சொல்றே என்று கேட்டேன். அவள் காய் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆத்தா எனக்குச் சோலி போயிரும்னுதாண்ணே பயந்துச்சு. போனா போகுது. கொழுக்குமலைல தேயிலை கிள்ளப் போறேன். பேரோடவே போடச் சொல்லுங்க அக்காவை. என் ஆத்தா பேரு இல்லாம செத்த ஆளா?" அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். உன் வாக்குக்கு இதைவிடப் பெரிய விடுதலை கிடையாது.

வெரசா பண்ணச் சொல்லு பிரின்ஸை. இங்கே எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நேற்று சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிற நேரத்திலும் என் கண் ரோட்டில்தான். ஜீப்புச் சத்தம் கேட்டால் ஓடுகிறேன். இருபத்திரண்டுக்குள் அந்தக் குரல் வர வேண்டும் கலா. நான் கெடுத்தேன் என்று ஆகக் கூடாது.

வாழைப்பழத்தைப் பிரின்ஸுக்கும் கொடு.

மாமா


போடி
19.08.2024

மாமா,

திறந்துவிட்டது.

உங்கள் டிஸ்கின் சர்க்யூட்டைக் கழற்றி, சில்லை மாற்றி ஒட்டுவதற்குப் பிரின்ஸுக்கு சனிக்கிழமை முழுக்க ஆனது. முதல் தடவை ஒட்டியது நிற்கவில்லை. இரண்டாவது தடவை மாட்டி மின்சாரம் கொடுத்ததும், விர்ரென்று சுற்றுகிற சத்தம் வந்தது. நான் சத்தம் போட்டுக் கத்திவிட்டேன், பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு நாள் பூராவும் டிஸ்கை அப்படியே இன்னொன்றில் நகலெடுத்தான். இன்று அந்த நகலில், கடைசிப் பக்கத்திலிருந்து பூட்டின் மூளையை முன்னால் கொண்டுவந்துவிட்டு, "தட்டுங்கக்கா" என்று சொல்லி வெளியே போனான். இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். மூன்றாவது தடவை கதவு திறந்தது.

எல்லாம் வரவில்லை. பார்மட் அங்கங்கே கீறிவிட்டுப் போயிருக்கிறது. சில பதிவுகள் திறக்கவே இல்லை. சிலவற்றில் நடுவில் சத்தம் செத்துப்போய், மறுபடி வருகிறது. முனியாயி பேசியது முழுசாக இருக்கிறது. இருமல்கூட இருக்கிறது.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று இரண்டு தடவை காகிதத்தை மடித்தேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் தராமல் மடித்தால் அது திருட்டு.

அதில் நீங்கள் இருக்கிறீர்கள். முனியாயி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்குக் காலையில மருந்து வாடை மூஞ்சியில அடிக்குது. எலையெல்லாம் வெள்ளையா நிக்குது, இன்னும் காயலை. நான் எறங்க மாட்டேன்னுதான் சொன்னேன். பாண்டித் தம்பிதான் போகச் சொன்னான். இன்னைக்கு எறங்கலைன்னா நாளையிலருந்து சோலி இல்லைன்னான். அவனுக்கும் மேல இருந்து போனு வந்திருக்கும், பாவம். ஆனா என்னையப் பாத்துச் சொன்ன வாயி அவன் வாயிதான் தாயி. உன் வீட்டுக்காரன்னு கூசாத, இதையும் சேத்துக்க."

அவள் சொன்னபோது நான் எதிரே உட்கார்ந்து தலையாட்டினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சோறு போட்டேன். ரசம் கேட்டீர்கள், ஊற்றினேன். அவள் சாவுக்கு நீங்கள் மாலை வாங்கிக்கொண்டு போனபோது கூடவே வந்தேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பயம். டிஸ்கை ஸ்டோரில் பார்த்ததும், அதில் உங்கள் பெயர் இருப்பது எப்படியோ உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் செய்தீர்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண்களின் பெயரைக் காக்கத்தான் பூட்டினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் பூட்டினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இனி எழுதப்போவதற்காக என்னை நீங்கள் வெறுக்கலாம். மற்ற பதிவுகளில் நடுவில் சத்தம் போயிருக்கிறது. இதிலும் அந்த நாலு வரி போய்விட்டது என்று நான் சொன்னால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. ஸ்டோரில் வெந்த டிஸ்க், அதில் எது வரும், எது வராது என்று யாருக்குத் தெரியும்? பிரின்ஸும் பதிவுகளைக் கேட்கவில்லை. வெட்டிவிட்டால் முனியாயியின் மூச்சுத் திணறலும் மருந்தும் எஸ்டேட்டும் இருக்கும். நீங்கள் இருக்க மாட்டீர்கள். சுட்டியை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. விடவும் மனசு வரவில்லை. இந்த டிஸ்கைப் பிழைக்கவைத்ததே நீங்கள்தான், மாமா.

வியாழக்கிழமை காலை கொடுக்க வேண்டும். நாளைய ஜீப்பில் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

கலா


போடிமெட்டு
20.08.2024

கலா,

உன் கடிதத்தை ஸ்டோர் வாசலில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் உன் மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்கு ரசம் ஊற்றினாயே. ஒருநாள், ஒரே ஒரு நாள், "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?" என்று என் சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் கத்தியிருப்பேன். கத்தட்டும் என்று விட்டிருக்கலாம். ஊரில் இருக்கிற பெண்களிடமெல்லாம் வாயைத் திறந்து பேசுங்கள் என்று சொல்கிறவள், வீட்டில் பூட்டுப் போட்டுக்கொண்டாய்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். முனியாயி சொல்கிற அந்தக் காலை எது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை கலா. இன்னைக்கு எறங்கலைன்னா நாளைக்குச் சோலி இல்லை என்பது நான் வாரத்தில் நாலு நாள் யாரையாவது பார்த்துச் சொல்கிற பேச்சு. மேலிருந்து போன் வரும், நான் அப்படியே கீழே இறக்குவேன். சாகிற வரைக்கும் அவளுக்கு அந்தக் காலை நினைவிருந்தது. எனக்கு எந்தக் காலை என்றே தெரியவில்லை.

நீ வெட்டவா என்று கேட்டதும், ஒரு நிமிஷம் ஆசை வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். எழுந்து நடந்தேன். கால் லயத்துப் பக்கம்தான் போனது.

அமுதவள்ளி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "உங்க ஆத்தா குரல் கிடைச்சிருச்சு" என்றேன். அவள் கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டாள். "அதுல என் பேரும் இருக்கு. நான்தான் போகச் சொன்னேன்னு உங்க ஆத்தா சொல்லியிருக்கு" என்றேன். என்னைக் கிழிப்பாள் என்று நின்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நானும் அன்னைக்குப் பக்கத்துலதாண்ணே நின்னேன். லயத்துல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

நீயும் நானும் மட்டும் அதைப் பூட்டிவைத்துக்கொண்டு அல்லாடியிருக்கிறோம். காட்டுக்குள் இறங்குகிற ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

"பின்ன ஏன் தாயி, தினமும் என்கிட்ட வந்து கேட்டே?" என்றேன்.

"நீங்கதான கெடுத்தீங்க. நீங்கதான் கொண்டாரணும்" என்றாள். துணியை எடுத்து மறுபடி அலசப் போய்விட்டாள்.

இனி நான் சொல்வதைக் கேள். ஒரு வார்த்தையும் வெட்டாதே. 'பாவம்' என்று எனக்காகச் சொன்னாளே, அதையும் வெட்டாதே, அது அவள் குணம். வியாழக்கிழமை இங்கே காய் எடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டேன். முதலாளி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, இனி ஸ்டோர் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அமுதவள்ளியும் இன்னும் வருகிறேன் என்கிறவர்களும் முதல் ஜீப்பில் கீழே வருகிறார்கள். நானும் அதே ஜீப்பில் வருகிறேன்.

விசாரணை நடக்கிற ஹாலில் நீ எனக்காகத் தலை குனிய வேண்டாம். முனியாயி பேசுவதைப் போட்டுவிட்டு நீ பேசாமல் உட்கார். "யாரு இந்தப் பாண்டித் தம்பி?" என்று அதிகாரி கேட்பார். அதற்கு நீ பதில் சொல்லாதே. நான் எழுந்து சொல்லிக்கொள்கிறேன்.

பாண்டியராஜ்